வினையூக்கி எந்த ஊரில் வேலை செய்யப் போகிறது?

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில் திருத்தணியைக் கடந்த சிறிது நேரத்தில் மாநிலம் மாறிவிடுகிறது, பேச்சு மாறுவதில்லை. நகரியிலும் ஏகாம்பரகுப்பத்திலும் விசைத்தறிக் கூடங்களின் ஓசைக்கு நடுவே தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து புழங்குகின்றன. அதே இருப்புப்பாதையின் மறுமுனையில், ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்தி செல்லும் வழியில் ஏர்ப்பேட்டைச் சுற்றி இரண்டு பெரிய கல்வி வளாகங்கள் எழுந்துள்ளன. ஒன்று இந்தியத் தொழில்நுட்பக் கழகம். மற்றொன்று இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். இரண்டும் 2015-இல் தொடங்கப்பட்டவை. 1954-இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகம் திருப்பதியிலேயே இருக்கிறது. தறியும் ஆய்வுக்கூடமும் ஒரு பயணிகள் வண்டியின் தொலைவில்தான் உள்ளன. ஆயினும் ஒன்றின் தேவை மற்றொன்றின் ஆய்வுத் தலைப்பை அரிதாகவே தொடுகிறது. கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தின் துணையால் பயனுள்ள வேதிப்பொருளாக மாற்றும் மின்வினையூக்கிகளைப் பற்றிய ஆய்வில் இந்த இடைவெளி மிகத் தெளிவாகத் தெரிகிறது.

இத்துறையில் வெளியாகும் கட்டுரைகளுக்கு ஏறத்தாழ ஒரே வடிவிலான முன்னுரை உண்டு. வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு பெருகுகிறது, புவி வெப்பமாகிறது, ஆகவே இங்கே ஒரு புதிய வினையூக்கி. இந்த 'ஆகவே'க்குள் ஒளிந்திருக்கும் தாவலை எவரும் கணக்கிட்டுக் காட்டுவதில்லை. புவி வெப்பத்தைக் காரணம் காட்டி நிதி கோரும் ஆய்வு, தன் வினையூக்கி எந்த மின்சாரத்தில், எந்த வாயுவில், எந்த நீரில், எத்தனை மணி நேரம் இயங்கும் என்ற கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது. விடை சொல்ல முயலும்போது வினையூக்கியின் வடிவமைப்பே மாறிவிடும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

முதலில் வேதியியல். கார்பன் டை ஆக்சைடு நிலைத்தன்மை மிக்க மூலக்கூறு. அதற்கு ஒற்றை எலெக்ட்ரானைத் தனியே கொடுத்து வளைப்பதற்குத் திட்ட ஹைட்ரஜன் மின்வாயை ஒப்பிட ஏறத்தாழ எதிர் 1.9 வோல்ட் தேவைப்படுகிறது. வினையூக்கியின் பணி அந்தச் செங்குத்தான ஏற்றத்தைத் தவிர்த்து, மூலக்கூறு உலோகப் பரப்பைப் பற்றிக்கொண்டு சிறுசிறு படிகளாக ஏற வழி செய்வது. எந்த உலோகம் எந்தப் பொருளைத் தரும் என்பதை 1980-களில் ஜப்பானின் யோஷியோ ஹோரி முறையாக வகைப்படுத்தினார். தங்கமும் வெள்ளியும் துத்தநாகமும் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடைத் தருகின்றன. வெள்ளீயம், ஈயம், இண்டியம் ஆகியவை ஃபார்மேட்டைத் தருகின்றன. பின்னாளில் பிஸ்மத்தும் இந்த வரிசையில் முக்கிய இடம் பெற்றது. நிக்கல், இரும்பு, பிளாட்டினம் ஆகியவை நீரிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றுவதோடு நின்றுவிடுகின்றன. செம்பு ஒன்றுதான் மீத்தேன், எத்திலீன், எத்தனால் என்று கார்பன் சங்கிலிகளை உண்டாக்குகிறது.

இதற்குக் காரணம் மூலக்கூறு பரப்பைப் பற்றும் விதம். வெள்ளீயம், பிஸ்மத் போன்றவற்றில் அது ஆக்சிஜன் வழியாகப் பற்றுகிறது. பாதை ஃபார்மேட்டில் முடிகிறது. வெள்ளியில் கார்பன் வழியாகப் பற்றி, மோனாக்சைடாக உதிர்ந்துவிடுகிறது. செம்பின் மேல் உருவாகும் கார்பன் மோனாக்சைடு உடனே விலகிச் செல்வதுமில்லை, பரப்பை அடைத்துக்கொண்டு வினையை நிறுத்திவிடுவதுமில்லை. அதனால் இரண்டு மூலக்கூறுகள் அங்கே சந்தித்து இணைய முடிகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. வினையின் இடைநிலைப் பொருள்கள் உலோகத்தைப் பற்றும் வலிமைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை இறுக்கினால் மற்றொன்றும் இறுகும். இந்தப் பிணைப்பை உடைப்பதே கணினிவழி வினையூக்கி வடிவமைப்பின் மையச் சவால். இதில் அறிவுக்கு விருந்தான வேலை ஏராளம் உண்டு என்பதை எவரும் மறுக்க முடியாது.

அந்த விருந்தின் கவர்ச்சியில் ஆய்வுலகம் செம்பின் பக்கமும் எத்திலீனின் பக்கமும் பெரிதும் சாய்ந்திருக்கிறது. கார்பன் எண்ணிக்கை கூடக்கூடக் கட்டுரையின் மதிப்பும் கூடுகிறது. ஆனால் மின்சாரக் கணக்கு வேறு கதை சொல்கிறது. ஒரு மூலக்கூறு ஃபார்மிக் அமிலத்துக்கு 2 எலெக்ட்ரான்கள் போதும். எத்திலீனுக்கு 12 தேவை. மின்கலத்தின் மொத்த மின்னழுத்தம் 3 வோல்ட், ஃபாரடே திறன் 90 விழுக்காடு என்று கொண்டால், ஒரு கிலோ ஃபார்மிக் அமிலம் ஏறத்தாழ 3.9 யூனிட் மின்சாரத்தை விழுங்கும். அதே 3 வோல்ட்டில், 60 விழுக்காடு ஃபாரடே திறனில் ஒரு கிலோ எத்திலீனுக்கு ஏறத்தாழ 57 யூனிட் ஆகும். ஃபாரடேயின் விதியும் பெருக்கல் வாய்ப்பாடும் தெரிந்த எந்த இளங்கலை மாணவரும் இதைப் பத்து நிமிடத்தில் சரிபார்க்கலாம்.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஒரு கிலோ ஃபார்மிக் அமிலம் உட்கொள்ளும் கார்பன் டை ஆக்சைடு 0.96 கிலோ. அதைச் செய்யக் கட்டமைப்பு மின்சாரத்தைப் பயன்படுத்தினால் வெளியாவது 2.7 கிலோ. உட்கொண்டதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு! எத்திலீனின் கணக்கு இன்னும் மோசம்: 3.1 கிலோவை உட்கொள்ள 40 கிலோவை வெளியிட வேண்டும். வினையூக்கி எத்தனை நுட்பமாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும், நிலக்கரி மின்சாரத்தோடு இணைத்தால் அது கார்பன் டை ஆக்சைடைப் பெருக்கும் கருவியாகிவிடுகிறது. ஃபார்மிக் அமிலத்தைப் பொறுத்தவரை ஒரு யூனிட்டுக்கு 0.25 கிலோவுக்குக் கீழே வெளியிடும் மின்சாரம் கிடைத்தால்தான் கணக்கு நேராகிறது. அதாவது சூரிய ஒளி, காற்று, நீர் அல்லது அணு மின்சாரம்.

இராயலசீமையில் சூரிய ஒளிக்குக் குறைவில்லை. கர்னூலில் 1,000 மெகாவாட் சூரிய மின்பூங்காவே இயங்குகிறது. ஆனால் சூரியன் மாலையில் மறைகிறது. ஆய்வுக்கூடத்தில் மின்வாய் இடையறாத மின்னோட்டத்தில் சோதிக்கப்படுகிறது. சூரிய மின்சாரத்தில் இயங்கும் மின்வாயோ நாள்தோறும் ஒருமுறையாவது நின்று மீண்டும் தொடங்க வேண்டும். மின்னோட்டம் நிற்கும் கணத்தில் வெள்ளீயமும் பிஸ்மத்தும் தங்கள் பரப்பில் மீண்டும் ஆக்சைடாகின்றன. சிறிதளவு கரைந்தும் போகலாம். காலையில் தொடங்கும்போது அந்தப் பரப்பு முந்தைய நாளின் பரப்பாக இருப்பதில்லை. நூறு முறை நிறுத்தித் தொடங்கிய பின்னும் தேர்வுத்திறன் மாறாத பரப்பை எவ்வாறு அமைப்பது என்பது முதல்தரமான அடிப்படை அறிவியல் கேள்வி. ஊரின் வானத்திலிருந்து பிறக்கும் கேள்வியும் அதுவே. இடையறாத மின்னோட்டத்தில் எடுத்த அழகான வரைபடம் இதற்கு விடை சொல்லாது.

இனி, பொருளைத் தேர்ந்தெடுப்பது. எறும்புக் கடியின் எரிச்சலோடு தொடர்புடையது ஃபார்மிக் அமிலம். இலத்தீன் மொழியில் எறும்பைக் குறிக்கும் சொல்லே அதன் பெயராயிற்று. கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தால் ஃபார்மிக் அமிலமாக மாற்றியதாக ரோயே என்னும் பிரெஞ்சுக்காரர் 1870-இலேயே அறிவித்தார். இத்துறையின் மூத்த பிள்ளை இந்த எளிய அமிலம்தான். இன்று இது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடையும் மெத்தனாலையும் மூலப்பொருளாகக் கொண்டு, அதாவது புதைபடிவ எரிபொருளிலிருந்து, பெரிய ஆலைகளில் தயாராகிறது. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் ரப்பர் பாலை உறையச் செய்து தாளாக்குவதற்கு இது வேண்டும். இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழிலுக்கு இது வேண்டும். சாயப்பட்டறையில் காரத்தில் தோய்ந்த துணியை நடுநிலையாக்க அசிட்டிக் அமிலமோ ஃபார்மிக் அமிலமோ வேண்டும். நகரியின் தறிகளில் நெய்யப்படும் நூலும் ஏதோ ஒரு சாயத்தொட்டியைக் கடந்தே வருகிறது.

இங்கே ஒரு சிறிய கணக்கு கவனத்துக்குரியது. ஒரே அளவு காரத்தை நடுநிலையாக்க 46 கிராம் ஃபார்மிக் அமிலம் அல்லது 60 கிராம் அசிட்டிக் அமிலம் தேவை. பயன்படுத்திய பின் கழிவுநீரில் எஞ்சும் கரிமப்பொருளை முழுவதும் ஆக்சிஜனேற்ற, முன்னதற்கு 16 கிராம் ஆக்சிஜனும் பின்னதற்கு 64 கிராம் ஆக்சிஜனும் வேண்டும். அமிலத்தை மாற்றினாலே கழிவுநீரின் ஆக்சிஜன் சுமையில் அந்தப் பகுதி கால்வாசியாகிவிடும். நகரி ஆற்றின் நீர் கொசஸ்தலையாற்றோடு சேர்ந்து பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. பூண்டி சென்னைக்குக் குடிநீர் தருகிறது. ஆகவே இந்தக் கால்வாசிக் கணக்கு ஒரு பட்டறையின் வாசலோடு முடிந்துவிடுவதில்லை.

அதே ஆறு வினையூக்கி வடிவமைப்பாளருக்கும் ஒரு கட்டளை இடுகிறது. ஃபார்மேட்டைத் தருவதில் ஈயம் தேர்ந்த உலோகம், மலிவானதும்கூட. ஆயினும் சிறிதளவு கரைந்தாலும் குடிநீருக்குள் செல்லக்கூடிய நிலத்தில் ஈய மின்வாயை முன்மொழிவது எவ்வாறு பொருந்தும்? பிஸ்மத்தும் வெள்ளீயமும் ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தவை. வினைத்திறன் அட்டவணையில் இல்லாத இந்தப் பத்தியை ஊரின் நிலவரைபடம்தான் சேர்க்கிறது. மின்வாயிலிருந்து நாள்தோறும் எத்தனை மைக்ரோகிராம் உலோகம் கரைகிறது என்பதை அளந்து எழுதுவது விருப்பப் பணியாக இருக்கக் கூடாது. முதன்மை முடிவுகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

வாயு எங்கிருந்து வரும்? நிலக்கரி அனல்மின் நிலையத்தின் புகையில் கார்பன் டை ஆக்சைடு 12 முதல் 15 விழுக்காடுதான். மீதியில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளும் உள்ளன. ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடை விட எளிதில் எலெக்ட்ரானை ஏற்று மின்னோட்டத்தைத் திருடிக்கொள்ளும். கந்தக டை ஆக்சைடு பல உலோகப் பரப்புகளை நஞ்சாக்கும். இதற்கு நேர்மாறாக எத்தனால் வடிசாலையின் நொதித்தல் தொட்டியிலிருந்து ஏறத்தாழத் தூய கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. கரும்பும் தானியமும் வளிமண்டலத்திலிருந்து எடுத்துக்கொண்ட கார்பன்தான் அது. நொதித்தலில் ஒரு மூலக்கூறு எத்தனாலோடு ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு பிறக்கிறது. எத்தனால், ஃபார்மிக் அமிலம் ஆகிய இரண்டின் மூலக்கூறு எடையும் 46. எனவே ஒரு கிலோ எத்தனால் தயாராகும்போது வெளியேறும் வாயு முழுவதையும் பிடித்து மாற்றினால் ஒரு கிலோ ஃபார்மிக் அமிலம் கிடைக்கும். பெட்ரோலில் கலக்க நாடெங்கும் எத்தனால் உற்பத்தி பெருகும் காலத்தில், இந்த ஒன்றுக்கு ஒன்று என்னும் கணக்கு ஆய்வுத் திட்டமாக மாறத் தகுதியுடையது.

செறிவைப் பற்றிய ஓர் எதிர்ப்பு உடனே எழும். மின்கலத்திலிருந்து கிடைப்பது நீர்த்த அமிலம். பல வேளைகளில் அமிலமாகக்கூட இல்லாமல் பொட்டாசியம் ஃபார்மேட் உப்பாகவே கிடைக்கிறது. சந்தையில் விற்கப்படுவதோ பெரும்பாலும் 85 விழுக்காட்டு அமிலம். ஃபார்மிக் அமிலமும் நீரும் 77.5 விழுக்காட்டில் கொதிநிலை மாறாக் கலவையாகிவிடுவதால் எளிய வடித்தலால் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. ஆகவே செறிவூட்டும் செலவு முழு ஆதாயத்தையும் விழுங்கிவிடும் என்பார்கள். பெரிய ஆலையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் அனுப்பும் அமிலத்துக்கு இது சரியான எதிர்ப்பு. ஆனால் ரப்பர் தோட்டக்காரரும் சாயப்பட்டறைக்காரரும் வாங்கிய அமிலத்தில் முதலில் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்கிறார்கள். பயன்படும் இடத்திலேயே தயாரித்தால் செறிவூட்டவும் வேண்டாம், சுமந்து செல்லவும் வேண்டாம். உப்பு கலவாத ஃபார்மிக் அமிலக் கரைசலைத் திண்ம மின்பகுளி வழியாகப் பெறலாம் என்று 2019-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஹவோடியன் வாங் குழுவினர் காட்டினர். பெரிய சந்தையில் குறையாகத் தெரிந்த நீர்த்தன்மை சிறிய ஊரில் குறையே ஆகாது.

அளவையும் மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளலாம். 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள மின்வாய், சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தில், 90 விழுக்காட்டுத் திறனில் ஒரு முழு நாள் இயங்கினால் 370 கிராம் ஃபார்மிக் அமிலம் கிடைக்கும். சூரிய ஒளி நேரத்தில் மட்டும் இயங்கினால் அதில் நான்கில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். ஒரு பட்டறைக்குப் போதுமான அளவைப் பெற எத்தனை சதுர மீட்டர் மின்வாய் வேண்டும், அது எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்று பட்டறைக்காரரோடு உட்கார்ந்து கணக்கிடும் ஆய்வாளருக்கு, அடுத்த ஆய்வுக் கேள்வி தானே கிடைத்துவிடும்.

இத்தகைய பாதைக்குத் தென்னாட்டில் முன்மாதிரி உண்டு. மேட்டூர் அணையின் நீர்மின்சாரத்தை நம்பி 1930-களில் உப்பை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரிக்கும் தொழில் அங்கே காலூன்றியது. மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் காரைக்குடியில் அமைந்ததற்கு அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் காரணம். 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்டது அந்நிறுவனம். குளோரின் தொழிலில் அதுவரை கிராஃபைட் நேர்மின்வாய்கள் தேய்ந்து தேய்ந்து மாற்றப்பட்டு வந்தன. 1960-களில் ஹென்றி பியர் டைட்டானியத்தின் மேல் ருத்தீனியம் ஆக்சைடு பூசிய மின்வாயை உருவாக்கினார். ஆண்டுக்கணக்கில் உழைத்த அந்தப் பூச்சு ஒரு தொழிலையே திருப்பிப்போட்டது. காரைக்குடி ஆய்வகமும் டைட்டானிய அடித்தளக் கரையாத மின்வாய்களை இந்தியத் தொழிற்சாலைகளுக்கென உருவாக்கியது. இந்த வரலாற்றின் பாடம் எளியது: வினையூக்கியை வெற்றி பெறச் செய்தது அதன் தொடக்க வினைத்திறன் மட்டுமன்று, அதன் ஆயுள்.

தூத்துக்குடியிலிருந்து இன்னொரு பாடம் கிடைக்கிறது. 2016-இல் அங்குள்ள ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுத்துச் சோடா உப்பு தயாரிக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் திட்டமாக அது அறிவிக்கப்பட்டபோது உலகச் செய்தியாயிற்று. மின்வேதியியல் அங்கே இல்லை. பிடித்த கார்பன் நெடுங்காலம் பூட்டப்பட்டுக் கிடக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆலைக்குக் கார்பன் டை ஆக்சைடு முன்பே தேவைப்பட்ட மூலப்பொருள். தேவை முதலில் இருந்தது. நுட்பம் பின்னர் வந்து அதில் பொருந்தியது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் செபாஸ்டியன் பீட்டரின் ஆய்விலிருந்து முளைத்த 'ப்ரீத்' நிறுவனம் 2018-இல் கார்பன் எக்ஸ்பிரைஸ் போட்டியின் இறுதிச்சுற்றுக்குத் தேர்வான பத்துக் குழுக்களுள் ஒன்றாக இருந்ததும் நினைக்கத் தக்கது. வினையூக்கியை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டுசெல்லும் துணிவு இந்நாட்டில் இல்லாமலில்லை. அது விதிவிலக்காக இருப்பதுதான் குறை.

ஏன் விதிவிலக்காக இருக்கிறது? ஆயுளைச் சோதிப்பதற்கு நேரம் வேண்டும். ஓர் ஆண்டின் தொழிற்சாலை இயக்கம் சுமார் 8,000 மணி நேரம். ஆய்வுக் கட்டுரைகளில் பரவலாகக் காணப்படும் நிலைத்தன்மைச் சோதனை சில பத்து அல்லது சில நூறு மணி நேரம். 2,000 மணி நேரச் சோதனை ஒன்று 83 நாள் ஓடும். ஒரே மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியை ஐந்தாறு மாணவர் பகிர்ந்துகொள்ளும் துறையில் எந்த மாணவர் அதை 83 நாளுக்குத் தன்னுடையதாக்கிக்கொள்ள முடியும்? 60-ஆம் நாளில் பொட்டாசியம் பைகார்பனேட் உப்பு படிந்து வாயு விரவு மின்வாயின் துளைகள் அடைபட்டால், அந்தத் தோல்வியை எந்த இதழ் வெளியிடும்? உதவித்தொகைக் காலம் முடிவதற்குள் கட்டுரை வர வேண்டிய நிலையில், மாணவர் சோதனையை 20 மணி நேரத்தில் நிறுத்திவிட்டு அடுத்த உலோகக் கலவைக்குத் தாவுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய ஐந்து ஆண்டுகளை அளக்கும் அளவுகோல் அவ்வாறு செய்யச் சொல்கிறது.

அளவீட்டின் நேர்மையும் இதோடு பிணைந்தது. எதிர்மின்வாயில் வினையை ஆராயும்போது நேர்மின்வாயாகப் பிளாட்டினத்தை வைத்தால், அது கரைந்து எதிர்மின்வாயில் படிந்து முடிவைக் கெடுக்கக்கூடும். மின்பகுளியில் உள்ள உலோக மாசுகளும் அவ்வாறே. கார்பன் உள்ள தாங்கியில் செய்த சோதனையில் கிடைத்த பொருளின் கார்பன் உண்மையில் வாயுவிலிருந்துதான் வந்ததா என்பதை, கார்பன்-13 இட்ட வாயுவைக் கொண்டு உறுதி செய்ய வேண்டும். உள்ளே சென்ற கார்பனும் வெளியே வந்த கார்பனும் ஒத்துப்போகின்றனவா என்ற ஐந்தொகையைக் காட்டாத கட்டுரைகள் பல. காரக் கரைசலில் வாயுவின் ஒரு பெரும் பகுதி வினைபுரியாமல் கார்பனேட்டாக மாறிவிடுகிறது. ஃபார்மேட் உருவாகும் வினையில் இது உள்ளே சென்ற வாயுவில் மூன்றில் ஒரு பங்கு வரை ஆகலாம். எத்திலீனில் முக்கால் பங்கு வரை ஆகலாம். 'ஃபாரடே திறன் 95 விழுக்காடு' என்னும் தலைப்பு எலெக்ட்ரான்களின் கணக்கை மட்டுமே சொல்கிறது. கார்பனின் கணக்கு அதற்கு வெளியே இருக்கிறது.

அடிப்படை அறிவியலுக்குச் சுதந்திரம் வேண்டும், ஊர்ப்பயனைக் காட்டி அதைக் கட்டக் கூடாது என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செம்பின் மேல் இரண்டு கார்பன்கள் எவ்வாறு இணைகின்றன என்று பயன் கருதாமல் கேட்ட கேள்விகளே இத்துறையை வளர்த்தன. அத்தகைய ஆய்வு தன்னை அத்தகையதாகவே அறிமுகம் செய்துகொள்ளட்டும். அதற்குப் புவி வெப்பத்தின் சிபாரிசு தேவையில்லை. பயனைச் சொல்லி நிதி பெறும் ஆய்வுக்கு மட்டுமே பயனின் கணக்கு கட்டாயம்.

ஃபார்மிக் அமிலத்தால் பருவநிலை மாற்றம் தீர்ந்துவிடுமா என்ற கேள்விக்கும் நேரான விடை இருக்க வேண்டும்: தீராது. உலகம் ஆண்டுதோறும் புதைபடிவ எரிபொருளால் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு 3,700 கோடி டன் அளவில் இருக்கிறது. ஃபார்மிக் அமிலத்தின் உலகத் தேவையோ பத்து இலட்சம் டன் அளவைச் சுற்றியே இருக்கிறது. கடலுக்கு முன் குடம். ஆயினும் குடத்தை நிரப்பத் தெரியாதவர் கடலைப் பற்றி எழுதும் முன்னுரையை யார் நம்புவது? வாயுவைப் பிடிப்பது, நீரைத் தூய்மையாக்குவது, நிறுத்தித் தொடங்குவது, உப்பு அடைவதைத் தடுப்பது, உலோகக் கசிவை அளப்பது ஆகிய எல்லாத் திறன்களையும் சிறிய அளவில் கற்றுக்கொள்ள இந்த எளிய அமிலம் நல்ல பள்ளிக்கூடம். ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரின் கால்சியமும் மெக்னீசியமும் மின்வாயில் படியும் தொல்லையைத் தாய்வழியாக வந்த தூய நீரில் மட்டும் சோதித்தவர் எங்கே கற்பார்?

மாற்றத்துக்குப் பெரும் பணம் தேவைப்படும் என்று அஞ்ச வேண்டியதில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டில் மூன்று எண்களைக் கட்டாயமாக்கலாம்: ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை யூனிட், உள்ளே சென்ற கார்பனில் எத்தனை விழுக்காடு பொருளாயிற்று, எத்தனை மணி நேரத்தில் திறன் பத்து விழுக்காடு குறைந்தது. தோற்ற மின்வாய் எவ்வாறு தோற்றது என்பதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கி, அதைத் தேர்வாளர்கள் சாதனையாகவே மதிக்கலாம். நெடுநேரச் சோதனைக்கென்று ஏர்ப்பேட்டிலும் காரைக்குடியிலும் பொதுச் சோதனைக்கூடங்களை அமைத்து, சுற்றியுள்ள கல்லூரிகள் தம் மின்வாய்களை அனுப்பிச் சோதிக்க வழி செய்யலாம். நகரியிலோ புத்தூரிலோ உள்ள கல்லூரியில் அணுக்காந்த ஒத்ததிர்வுக் கருவி இல்லாமல் இருக்கலாம். ஆனால் நிறைய ஃபார்மேட் உண்டாகும் மின்னோட்டத்தில் அதைப் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலால் அளந்துவிடலாம். பியூரெட்டும் பிப்பெட்டும் இல்லாத கல்லூரி இல்லை. எளிய பொருளைத் தேர்ந்தெடுப்பதன் இன்னொரு ஆதாயம் இது: சிறிய கல்லூரியின் மாணவரும் நேர்மையான எண்ணைத் தர முடியும்.

ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி, 'உங்கள் வினையூக்கியின் புதுமை என்ன?' என்பது. அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்கும் வழக்கம் வர வேண்டும்: 'இது எந்த ஊரில், எந்த மின்சாரத்தில், எவ்வளவு காலம் இயங்கும்?' முதல் கேள்விக்கு இன்று எல்லா மாணவரிடமும் விடை இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் மாணவர் நகரி நிலையத்தில் இறங்கி, ஒரு சாயப்பட்டறை வரை நடந்து சென்று, அங்கே மாதம் எத்தனை கேன் அமிலம் வாங்குகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதிலிருந்து தன் ஆய்வைத் தொடங்கலாம்.